நாவால் பிழைத்தல்: ஹரீரியின் மகாமாத்தை முன்வைத்து

நம் அரபுக் கல்லூரிகளில் ‘மகாமாத்துல் ஹரீரி’ பாடம் நடக்கும் முறை இவ்விதழின் வாசகர் பலருக்கும் பழக்கமானதே. உஸ்தாத் ஒரு வாக்கியத்தை வாசிப்பார். அதில் வரும் அரிய சொல் ஒவ்வொன்றுக்கும் வேர், வாய்பாடு, பன்மை, எதிர்ச்சொல் எனக் கரும்பலகை நிறையும். சிலேடையும் எதுகையும் சுட்டப்பெறும், மணி அடித்துவிடும். மாணவர் குறிப்பேட்டில் சொற்கள் சேரும். அச்சொற்களைப் பேசிய மனிதர் யார், எதற்காகப் பேசினார், பேசி முடித்ததும் எங்கே போனார் என்னும் கேள்விகள் வகுப்பறைக்குள் எழுவதில்லை. நாமும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறே கற்பித்து வந்தோம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

சென்ற ரமளானுக்குச் சில நாள்கள் முன்னர் நம் பழைய மாணவர் ஒருவர் காண வந்தார். சிறிய மஹல்லா ஒன்றில் இமாமாகப் பணியாற்றுகின்றார். பள்ளிவாசல் தரும் சம்பளம் மாதத்தின் பாதிவரை கூட வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் தம் பயான்களைக் கைப்பேசியில் பதிவு செய்து வெளியிடத் தொடங்கினார். கேட்போர் பெருகினர், விளம்பர வருவாயில் ஒரு பங்கு அவருக்கும் வரத் தொடங்கியது. இன்று அத்தொகை இமாமத்துக்குக் கிடைப்பதைவிட அதிகம். வந்தவர் அதைச் சொல்லி மகிழவில்லை.

“ஹழ்ரத், வாரிசுரிமைச் சட்டத்தை எட்டு வாரம் எளிமையாக விளக்கினேன். கேட்டவர்கள் நூறு பேர்கூட இல்லை. ஜின்களைப் பற்றி ஒரே ஒரு நாள் பேசினேன். பல்லாயிரம் பேர் கேட்டார்கள். இப்போது அடுத்த பயானுக்குக் குறிப்பெடுக்க உட்கார்ந்தால் மனம் தானாகவே ஜின்கள் பக்கம் போகிறது. இந்த வருமானம் கூடுமா, கூடாதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

கூடுமா, கூடாதா என்பதற்கு ஃபிக்ஹு நூல்களில் இடமுண்டு. குர்ஆனைக் கற்பிப்பதற்குக் கூலி பெறலாகாது என்பதே ஹனஃபி மத்ஹபின் முற்கால அறிஞர்களது நிலைப்பாடு. பைத்துல் மாலிலிருந்து ஆசிரியர்களுக்குக் கிடைத்துவந்த உதவி நின்றுபோன பின்னர், பல்கு நகரத்து அறிஞர்கள் அதை அனுமதித்தனர். மார்க்கக் காரியங்களில் மக்களிடையே தளர்ச்சி தோன்றிவிட்டதால் தம் காலத்தில் அவ்வனுமதியே ஃபத்வா என ஹிதாயாவின் ஆசிரியர் மர்கீனானீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 593) எழுதுகின்றார். ஷாஃபிஈ மத்ஹபிலோ தொடக்கத்திலிருந்தே அனுமதி உண்டு. ஓதிப் பார்த்ததற்கு ஆட்டு மந்தையைக் கூலியாகப் பெற்ற ஸஹாபாக்களைப் பற்றிப் புகாரியில் வரும் ஹதீஸ் அதற்குச் சான்று. ஆகவே நம் மாணவரின் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் விடை சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவரை வருத்தியது கூலி அன்று. அடுத்து எதைப் பேசுவது என்று தேரும் உரிமை தம் கையைவிட்டு எப்போது நழுவியது என்பதே அவரது கவலை. கூலி ஆகுமானதா என்று ஃபிக்ஹு கேட்கும். ஆகுமான கூலியும் நாவை என்ன செய்கின்றது என்று கேட்பது இலக்கியத்தின் வேலை. அரபு இலக்கியத்தில் அக்கேள்வியை ஐம்பது அத்தியாயங்களில் விடாது கேட்ட நூல் ஒன்று உண்டு. அதைத்தான் நாம் சொற்பட்டியலாக்கி வைத்திருக்கின்றோம்.

“தம்பி, நீங்கள் மகாமாத் எத்தனை ஓதினீர்கள்?” என்று கேட்டோம்.

“பத்து, ஹழ்ரத்” என்றார்.

நாம் அறிந்த கல்லூரிகளில் பெரும்பாலும் முதல் பத்தோடு பாடம் நின்றுவிடும். இந்தப் பத்து என்னும் எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

முதலாவது மகாமா ஸன்ஆ நகரில் நிகழ்கின்றது. கதை சொல்பவர் ஹாரிஸ் இப்னு ஹம்மாம். உணவுப் பை வெறுமையாகிவிட்ட நிலையில் அயலூர்த் தெருக்களில் அலைந்துகொண்டிருக்கின்றார். ஓரிடத்தில் கூட்டம், அழுகுரல். உள்ளே நுழைந்தால் மெலிந்த உடலினரான ஒருவர், பயணியின் கோலத்தில், மரணத்தையும் மறுமையையும் பற்றி உபதேசிக்கின்றார். பேச்சு முடிந்ததும் ஒவ்வொருவரும் மடியை அவிழ்த்து அவருக்கு அள்ளித் தருகின்றனர். அவர் பெற்றுக்கொண்டு, வழியனுப்ப வந்தோரையும் திருப்பி அனுப்பிவிட்டுத் தனியே நடக்கின்றார். ஹாரிஸ் மறைந்து பின்தொடர்கின்றார். பேச்சாளர் ஒரு குகைக்குள் நுழைகின்றார். அங்கே சீடன் ஒருவன். முன்னே வெண்மாவு ரொட்டி, சுட்ட ஆட்டுக்குட்டி, அருகில் ஒரு சாடி நபீத். வெளியே கேட்ட பேச்சும் உள்ளே காணும் காட்சியும் எப்படிப் பொருந்தும் என்று ஹாரிஸ் கொதிக்கின்றார். சினம் தணிந்த பேச்சாளர், தாம் விரித்தது வேட்டைக்கான வலையே என்று கூசாமல் கவிதையில் பதில் சொல்கின்றார். அவரே அபூ ஸைத் அஸ்ஸரூஜி. நூல் முழுதும் ஊருக்கு ஊர், வேடத்துக்கு வேடம் இவரே வருவார்.

இக்கதையைக் கபட வேடதாரியைத் தோலுரிக்கும் கதை என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. அப்படிப் படித்தால் ஹரீரி வைத்த முள் நம் காலில் தைக்காது. அபூ ஸைதின் உபதேசத்தை மீண்டும் படித்துப் பாருங்கள். அதில் பிழையான அகீதா இல்லை; புனைந்துரைத்த ஹதீஸ் இல்லை. மனிதன் இவ்வுலகச் சேமிப்பில் மயங்கி மறுமையை மறந்து கிடக்கும் நிலை அங்கே சொல்லப்பட்டிருப்பதுபோல் நம் ஜும்ஆ மேடைகளில் சொல்லப்படுவது அரிது. கேட்டோர் சிந்திய கண்ணீரும் பொய்யன்று. சொல் மெய், கேட்டோர் நெஞ்சம் மெய். இரண்டுக்கும் நடுவில் நின்றவர் மட்டுமே பொய். அப்படியானால் அங்கே கெட்டது எது? கேட்டவர்களுக்கு ஓர் இழப்பும் நேரவில்லை, நன்மையே கிடைத்தது என்றுகூட வாதிடலாம். கெட்டுப்போனவர் பேசியவர்தாம். எல்லாரையும் அழவைத்த சொல் தம்மைத் தொடாமல் போகும்படி அவர் தம்மைப் பழக்கிக்கொண்டார். அப்பழக்கம் ஒரே நாளில் வருவதன்று. ஒவ்வொரு மேடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் தடிக்கின்றது.

இந்நூலை எழுதியவரே பெரும் வாசகத் திரளைத் தம் வாழ்நாளில் கண்டவர் என்பது இங்கே கருதத்தக்கது. அபூ முஹம்மத் அல்காஸிம் இப்னு அலீ அல்ஹரீரி ஹிஜ்ரி 446 இல் (கி.பி. 1054) பஸராவை அடுத்த மஷான் என்னும் சிற்றூரைச் சார்ந்த குடும்பத்தில் பிறந்தார், ஹிஜ்ரி 516 இல் (கி.பி. 1122) பஸராவில் மறைந்தார். அரசுக்குச் செய்தி திரட்டி அனுப்பும் ‘ஸாஹிபுல் கபர்’ பதவி வகித்தார். பதீஉஸ் ஸமான் அல்ஹமதானீ (மறைவு ஹிஜ்ரி 398) தொடங்கிவைத்த மகாமா வடிவத்தைத் தாம் பின்பற்றுவதாக முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டு, முன்னோடிக்கு முதலிடமும் தருகின்றார். ஆயினும் மக்கள் ஏந்திக்கொண்டது இவரது நூலைத்தான். ஹிஜ்ரி 514 ஆம் ஆண்டிற்குள் 700 பிரதிகளுக்கு ஹரீரி தம் கைப்பட அங்கீகாரம் அளித்திருந்தார் என யாகூத் அல்ஹமவீ பதிவு செய்கின்றார். அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில், ஒவ்வொரு பிரதியையும் ஒருவர் உட்கார்ந்து எழுதியாக வேண்டிய காலத்தில், ஆசிரியர் உயிருடன் இருக்கையிலேயே எழுநூறு!

அவ்வாசகர் கூட்டம் எப்படித் திரண்டது என்பதும் அறியத்தக்கது. ஹிஜ்ரி 504 ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று கெய்ரோவின் தாருல் குதுபில் உள்ளது. நூல் ஆசிரியர் முன்னிலையில் வாசிக்கப்பட்டபோது அமர்ந்து கேட்டவர்களின் பெயர்கள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. பியர் மக்கே என்னும் அமெரிக்க ஆய்வாளர் அச்சான்றிதழ்களை ஆராய்ந்து 1971 இல் வெளியிட்டார். இதற்கு ‘ஸமாஉ’ என்று பெயர். நம் தமிழ் மரபின் அரங்கேற்றத்தோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆனால் அரங்கேற்றத்தில் அவையோர் பெயரைத் தனித்தனியே எழுதி வைக்கும் வழக்கம் இல்லை. ஸமாஉவில் கேட்டவர் வெறும் எண் அல்லர். பெயர் உடையவர், தந்தை பெயர் உடையவர், தாம் கேட்டதைப் பிறருக்குச் சொல்லும் பொறுப்பும் உடையவர். எந்த நாளில் வரவில்லை என்றுகூடக் குறித்து வைத்த ஸமாஉகள் உண்டு. இன்று பல்லாயிரம் பேர் கேட்டார்கள் என்று ஒரு பொறி நமக்குச் சொல்கின்றது. அவர்களில் ஒருவரது பெயரும் நமக்குத் தெரியாது.

ஹரீரிக்கும் அவையின் சோதனை இருந்தது. நாற்பது மகாமாக்களோடு பக்தாத் சென்றபோது, இவை இவருடையவை அல்ல என்றனர் பொறாமையாளர். புதிதாக ஒன்றை அங்கேயே எழுதித் தருமாறு கேட்கப்பட்டபோது அவரால் ஒரு வரியும் எழுத முடியவில்லை. தாடி மயிரைப் பிய்த்தபடி அமர்ந்திருந்தார் எனக் கதை சொல்வர். ஊர் திரும்பி மேலும் பத்து எழுதி அனுப்பிய பிறகே வாய்கள் அடங்கினவாம். கேட்டமாத்திரத்தில் மழையாய்ப் பொழியும் அபூ ஸைதைப் படைத்தவர், கேட்டமாத்திரத்தில் எழுத முடியாதவர். தம்மிடம் இல்லாததையே அவர் தம் பாத்திரத்துக்குத் தந்தார் போலும்.

அபூ ஸைத் வெறும் கற்பனையும் அல்லர். அவர் காலத்து பக்தாதின் வீதிகளும் பள்ளிவாசல்களும் ‘குஸ்ஸாஸ்’ எனப்பட்ட கதைசொல்லிப் பேச்சாளர்களால் நிறைந்திருந்தன. ஹரீரி மறைந்தபோது சிறுவராயிருந்த இப்னுல் ஜவ்ஸீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 597) அவர்களைப் பற்றியே ‘கிதாபுல் குஸ்ஸாஸ் வல் முதக்கிரீன்’ என்னும் நூலை யாத்தார். முகம் வெளிறித் தோன்றச் சீரகப் புகை பிடிப்போர், முகர்ந்தால் கண்ணீர் வரும் பொருளைக் கையில் மறைத்து வைத்திருப்போர் எனப் பல வகையினரை அவர் அதில் காட்டுகின்றார். கூட்டத்தைக் கூட்டும் தொழில்நுட்பம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் அந்நூலை ஒருமுறை புரட்ட வேண்டும். பக்தாத் பள்ளிவாசலில் ஒரு கதைசொல்லி அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்), யஹ்யா இப்னு மஈன் (ரஹ்) இருவர் பெயராலும் ஒரு பொய் ஹதீஸைச் சொல்லிக் காசு திரட்டினான், அவ்விருவரும் அங்கேயே அமர்ந்திருந்தனர் என்னும் கதையை நம் மேடைகளில் கேட்டிருப்பீர்கள். அதன் அறிவிப்பாளர் தொடரை இமாம் தஹபீ (ரஹ்) ஐயுறுகின்றார். புனைந்ததாக இருக்கலாம் என்று அஞ்சுகின்றார். பொய்க்கதை சொல்வோரைக் கண்டிக்கும் கதையே பொய்யாகி, அதுவும் சுவைக்காகவே ஆயிரமாண்டு மேடையேறி வந்திருக்கின்றது. நாமும் சொல்லியிருக்கின்றோம்.

ஆனால் இப்னுல் ஜவ்ஸீ வெளியில் நின்று கல்லெறிந்தவர் அல்லர். அவரே தம் காலத்தின் மிகப் பெரும் உபதேசகர். ஹிஜ்ரி 580 இல் பக்தாத் வந்த அந்தலூஸியப் பயணி இப்னு ஜுபைர் அவரது மஜ்லிஸ்களில் அமர்ந்து, கேட்டோர் கதறியதையும் மயங்கி விழுந்ததையும் வியந்து எழுதியிருக்கின்றார். அந்த இப்னுல் ஜவ்ஸீ ‘ஸைதுல் காத்திர்’ நூலில் ஒரு நாளை நினைவுகூர்கின்றார். தம்மைச் சூழ்ந்து பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். உருகாத நெஞ்சமோ நனையாத கண்ணோ இல்லை. அவ்வேளையில் அவர் தம் உள்ளத்திடம் கேட்டுக்கொண்டது, இவர்கள் அனைவரும் ஈடேறி நீ மட்டும் அழிந்துபோனால் உன் கதி என்ன என்பதே. ஹரீரியின் குகையை உள்ளிருந்து பார்த்த ஒருவரின் அச்சம் இது. கூட்டம் பெருகும்போது வரவேண்டிய அச்சம் எது என்று அவர் அறிந்திருந்தார். கூட்டம் குறைந்துவிடுமோ என்னும் அச்சம் வேறு.

இனி நாற்பத்தொன்பதாவது மகாமாவுக்கு வருவோம். ‘ஸாஸானிய்யா’ என்பது அதன் பெயர். பிச்சைக்காரர், வித்தை காட்டுவோர் கூட்டத்தின் தலைவனாகக் கதைகளில் வரும் ஸாஸானைக் குறிப்பது. முதுமையடைந்த அபூ ஸைத் தம் மகனை அழைத்து மரண சாசனம் சொல்கின்றார். வாழ்வாதார வழிகள் நான்கு: ஆட்சி, வணிகம், வேளாண்மை, கைத்தொழில். நான்கையும் தாம் ஆராய்ந்ததாகவும் ஒன்றும் தேறவில்லை என்றும் கூறுகின்றார். பதவி கனவைப் போன்றது. அதிலிருந்து நீங்குகையில் பால்குடி மறக்கும் கசப்பு. வணிகம் ஆபத்துக்கு இலக்கு, கொள்ளையருக்கு இரை. வேளாண்மை மானத்தைத் தேய்ப்பது, காலைக் கட்டுவது. கைத்தொழில் வயிற்றுக்கு மேல் மிச்சம் தராது. இளமை போனால் அதுவும் போகும். எஞ்சியிருப்பது ஸாஸான் வகுத்த வழி மட்டுமே. முதல் வேண்டா; நட்டம் வாராது; ஊற்று வற்றாது. அதன் பின்னர் அத்தொழிலுக்கான பண்புகளை அடுக்குகின்றார்: காகத்தைப் போல் வைகறையில் எழு, நரியைப் போல் தந்திரம் கொள், ஒட்டகத்தைப் போல் பொறுத்திரு, பூனையைப் போல் குழைந்து நட, நிறம் மாறும் பறவையைப் போல் மாறிக்கொள் என்ற போக்கில் நீள்கின்றது அப்பட்டியல்.

இதைப் படிக்கும் இன்றைய வாசகர் சிரிப்பார்; சற்று நேரத்தில் சிரிப்பு நின்றுவிடும். இணையத்தில் பேசிப் பொருளீட்டும் வழிகளைக் கற்பிக்கும் காணொளிகள் எத்தனையோ உள. வேலையில் இருப்போரைப் பார்த்து ‘இன்னொருவருக்கு எத்தனை நாள் உழைப்பாய்?’ என்று தொடங்கி, முதலீடு வேண்டா என்று ஆசை காட்டி, நாள் தவறாமல் வெளியிடு, கேட்போர் விரும்புவதைக் கொடு, போக்குக்கு ஏற்ப மாறிக்கொள் என்று முடிப்பவை அவை. அபூ ஸைதின் சாசனத்துக்கும் அவற்றுக்கும் அடுக்கு முறையில்கூட வேற்றுமை குறைவு. அந்தச் சாசனத்தை ஸாஸான் கூட்டத்தார் லுக்மானின் உபதேசத்தைவிட மேலாகக் கொண்டு, ஃபாத்திஹா அத்தியாயத்தை மனனம் செய்வதுபோல் மனனம் செய்து, தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர் என்று ஹரீரி மகாமாவை முடிக்கின்றார். நகைச்சுவையின் அடியில் அவர் வைத்த கத்தி இது. வேதம் இருந்த இடத்தில் வருமானக் கையேடு வந்து அமர்வதை அவர் ஒரே வாக்கியத்தில் காட்டிவிடுகின்றார்.

மாற்றமும் உண்டு, அதை மறைத்தல் நேர்மையன்று. அபூ ஸைதுக்குக் காசு தந்தவர் கேட்டவரே. தம் மடியை அவிழ்த்துத் தந்தார். நம் மாணவருக்குத் தருபவர் கேட்டவர் அல்லர். யூடியூபின் விளம்பர வருவாயில் பங்கு பெற, ஓர் அலைவரிசைக்கு 1,000 சந்தாதாரர்களும், வழக்கமான நீளமுள்ள காணொளிகளாயின் 12 மாதங்களுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது 2018 முதல் உள்ள விதி. அத்தகைய காணொளிகளின் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 55 பங்கு பேசியவருக்குச் சேரும். அங்கே விலை போவது சொல் அன்று. கேட்டவர் செலவிட்ட நேரம். அந்நேரத்தை வாங்குபவர் மூன்றாமவரான விளம்பரதாரர். வட்டியின் கேட்டைப் பற்றிய பயானுக்கு முன்னே கடன் விளம்பரம் வந்து நிற்கவும் நேரும். குகைக்குள் ஒரு சாடிதான் இருந்தது. அதையும் அபூ ஸைதே தேர்ந்தெடுத்தார்.

நேரத்தை விற்கும் சந்தையில் பேச்சுக்கு வேறொரு கேடும் நேர்கின்றது. வாரிசுரிமைப் பாடம் புரிந்தவுடன் முடிந்துவிடும். புரிந்தவர் எழுந்து சென்று பங்கைப் பிரித்துக் கொடுப்பார். ஜின்களைப் பற்றிய பேச்சு முடிவதே இல்லை. கேட்டவரை எழுந்து போகவிடாத பேச்சே அங்கே நல்ல பேச்சு. நம் மரபில் உபதேசத்தின் இலக்கணமோ, கேட்டவரை எழுப்பி அனுப்புவது.

கேட்டவர்களை முற்றும் அப்பாவிகளாகக் காட்டுவதும் ஹரீரியின் நோக்கமன்று. ஹாரிஸ் இப்னு ஹம்மாமைக் கவனியுங்கள். முதல் மகாமாவிலேயே அவருக்கு உண்மை தெரிந்துவிட்டது. அதன்பின் ஊர் ஊராக அபூ ஸைதைக் காண்கின்றார். ஸாவா நகரத்து இடுகாட்டில் பொய்க் கட்டுப் போட்ட கையோடு உபதேசிப்பதைக் காண்கின்றார். தின்னீஸ் நகரத்தில் தந்தை உபதேசிக்க, மகன் யாரோபோல் எழுந்து யாசிக்க, இருவரும் சேர்ந்து கூட்டத்தைக் கறப்பதைக் காண்கின்றார். கண்டிக்கின்றார், முகம் சுளிக்கின்றார். ஆனால் எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று ‘இவர் இன்னார்’ என்று சொல்வதில்லை. ஏன்? அந்தப் பேச்சின் இனிமையை அவரால் விட முடியவில்லை. போலி என்றறிந்தும் அடுத்ததைக் கேட்க ஓடி வருகின்றார். நாமும் நூலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த மகாமாவைப் புரட்டுகின்றோம். ஆதாரமற்ற கதை என்று தெரிந்தும் நல்லாப் பேசுறாருப்பா என்று பகிர்ந்துகொள்ளும் நம் படித்த நண்பர்கள் அனைவரும் ஹாரிஸின் வழித்தோன்றல்களே.

ஹிஜ்ரி 634 இல் (கி.பி. 1237) யஹ்யா இப்னு மஹ்மூத் அல்வாஸிதீ எழுதி ஓவியம் தீட்டிய மகாமாத் பிரதி இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றது. ரய் நகரப் பள்ளிவாசலில் அபூ ஸைத் உபதேசிக்கும் ஓவியத்தில், மேல்மாடத்தில் பெண்கள், கீழே ஆண்கள் எனப் பக்கம் முழுதும் கேட்போரே நிறைந்திருக்கின்றனர். அவ்வோவியர் நூலைச் சரியாகப் படித்தவர் என்று நாம் கருதுகின்றோம்.

ஹரீரியிடம் நமக்கு ஒரு குறையும் உண்டு. அவருக்கு மஷானில் 18,000 பேரீச்ச மரங்கள் இருந்தன என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். பதவியும் தோப்பும் உடையவர், நாவைத் தவிர வேறு உடைமை இல்லாதவரைப் பார்த்து நகைக்கின்றார். இத்தனைக்கும் அபூ ஸைதின் ஊரான ஸரூஜ், ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் சிலுவைப் போர்வீரர்களிடம் வீழ்ந்த ஊர். பஸராவில் பனூ ஹராம் பகுதிப் பள்ளிவாசலுக்குக் கந்தல் ஆடையுடன் வந்து, ஊரும் மகளும் பறிபோன கதையை அழகிய மொழியில் சொன்ன ஓர் அகதியைக் கண்டதே இந்நூலுக்கு வித்து என்பர். அவர் சொன்னது மெய்யாகவே இருந்திருந்தால்? மெய்யான அகதி ஒருவரின் யாசகத்தைப் போலியின் யாசகமாக்கி ஐம்பது கதை புனைந்தது நியாயமா? நம் மஹல்லாக்களிலும் இமாமுக்குப் போதிய சம்பளம் தர மனமில்லாத செல்வர்களே, அவர் வெளியில் பேசிச் சம்பாதிக்கும்போது இக்லாஸைப் பற்றி முதலில் கேள்வி எழுப்புகின்றனர். பேரீச்சந் தோப்பின் நிழலில் அமர்ந்து இக்லாஸை அளப்பது எளிது. முன்னுரையில் ஹரீரியும் செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்னும் நபிமொழியின் பக்கம் ஒதுங்கி, இந்நூலால் தமக்கு நன்மை இல்லாவிடினும் கேடு வராதிருந்தால் போதும் என்ற தொனியில் பேசுகின்றார். அவருக்கும் உள்ளூர உறுத்தல் இருந்திருக்கும் போலும்.

அவ்வுறுத்தலின் விடைதான் ஐம்பதாவது மகாமா. அபூ ஸைத் இறுதியாக ஹரீரியின் சொந்த ஊரான பஸராவுக்கே வருகின்றார். பெரிய பள்ளிவாசலில் மக்கள் முன் நிற்கின்றார். இம்முறை, தாம் யார் என்பதை மறைக்காமல் சொல்கின்றார். உங்கள் பொருளை வேண்டேன், உங்கள் துஆவை வேண்டுகின்றேன் என்கின்றார். மக்கள் கையேந்துகின்றனர். திடீரென அவர் நடுங்குகின்றார். துஆ ஏற்கப்பட்டதன் அடையாளத்தைக் கண்டேன் என்கின்றார். ஹாரிஸ் வழக்கம்போல் பின்தொடர்ந்து, இதுவும் வேடந்தானே என்று வினவுகின்றார். தாம் அவர்கள் முன் எழுந்து நின்றது வஞ்சகனாகத்தான், ஆனால் திரும்பியது தவ்பா செய்தவனின் உள்ளத்தோடு என்று ஆணையிட்டுச் சொல்கின்றார் அபூ ஸைத்.

இங்கே ஓர் ஓரச் செய்தியைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அவர் கேளாதபோதும் பஸரா மக்கள் இயன்றதைத் தந்தனர். அவரும் மறுக்காமல் பெற்றுக்கொண்டார். ஆகப் பொருள் பெறுதல் அன்று ஹரீரி சுட்டிய நோய். ஸன்ஆவில் பேச்சு ஒரு வழியாகத்தான் சென்றது. சென்ற வழியே காசு வந்தது. பஸராவில் கேட்டவர்களின் துஆ, பேசியவரின் தடித்த தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிற்று. அவர்கள் முகம் அறிந்து, அவர் இன்னார் என்று அறிந்து, அவருக்காகக் கேட்டார்கள்.

சில காலம் கழித்து, ஸரூஜிலிருந்து வந்தோர் அவர் கம்பளி உடுத்தி, தொழுகை நடத்துபவராக வாழ்கின்றார் என்று சொல்ல, ஹாரிஸ் தேடிப் போகின்றார். மிஹ்ராபில் காண்கின்றார். அபூ ஸைத் அவருக்கு உணவில் பங்கு தருகின்றார்: ஒரு ரொட்டி, சிறிது எண்ணெய். முதல் மகாமாவின் சுட்ட ஆட்டுக்குட்டிக்கு எதிரே, நாற்பத்தொன்பது மகாமாக்கள் கடந்து, ஹரீரி வைக்கும் விருந்து அது.

நம் பாடத்திட்டமோ பத்தோடு நின்றுவிடுகின்றது. குகையைக் காட்டுகின்றோம், பஸராவைக் காட்டுவதில்லை. சொல்வன்மையைக் கற்றுக்கொடுத்து, சொல்வன்மையால் என்ன நேரும் என்பதைப் பாடத்துக்கு வெளியே விட்டுவிடுகின்றோம். எல்லா மகாமாக்களையும் நடத்த நேரமில்லை என்பது மெய். ஆனால் பத்தாவதை விட்டுவிட்டு ஐம்பதாவதை நடத்தலாம். கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவினர் இதைக் கருத வேண்டும்.

நம் மாணவர் அன்று அஸர்வரை இருந்தார். ஐம்பதாவது மகாமாவை அவரே வாசித்தார். சில சொற்களுக்கு நாம் அகராதியைப் புரட்ட வேண்டியிருந்தது. புறப்படும்போது, ஜின்களைப் பற்றிய பேச்சை இவ்வாரம் நிறுத்திவைப்பதாகவும் அடுத்த வாரத்தைப் பற்றி உறுதி சொல்ல முடியவில்லை என்றும் கூறினார். வாரிசுரிமைப் பாடத்தைக் கேட்ட நூறுக்குக் குறைவானோரில் நால்வர், தம் சகோதரிகளின் பங்கு குறித்து அவருக்கு எழுதிக் கேட்டிருந்தார்களாம். அந்நால்வரின் பெயர்களையும் தந்தையர் பெயர்களையும் தம் கிதாபின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போனார்.